மூடுபனிக்குக் கண் இருந்தது

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள். எனக்கு வேண்டாம். பயம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் தூசி ஆகாது, அவ்வளவுதான். இத்தனை மழைக்கு அப்புறம் மலையில் ஏது தூசி என்று போன வருடம் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் கேட்டார். அவரோடு நான் அப்புறம் பேசவில்லை.

கையில் என்ன, எலுமிச்சம்பழமா? வளைவில் குமட்டாமல் இருக்கவா? நல்ல யோசனை. கொஞ்சம் கொடுங்கள், வாசனை பார்த்துவிட்டுத் தருகிறேன்.

ஆழியாறு தாண்டியாயிற்று. இனி வால்பாறை வரை வளைவுதான். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் எழுதி நட்டு வைத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா? பயந்தவர்கள் எண்ணிக்கொண்டு போவதற்காக. நான் எண்ணுவதில்லை. இப்போது மூன்று முடிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டால் தூங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். பேசிக்கொண்டுதான் வருவேன். பேச்சுத்துணை இல்லாமல் இந்த மலை ஏறக் கூடாது. உங்களுக்காகச் சொல்கிறேன்.

என் பெயர் தமயந்தி. உடுமலையில் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேனோ. இடமிருந்து பருவக்காற்று வரும். அதற்கு ஒரு அம்புக்குறி. மலையில் மோதும். மேலே ஏறும், குளிரும், கொட்டித் தீர்க்கும். வலப்பக்கம் நமக்கு மிச்சமிருக்கும் தூறல். மணி அடித்ததும் டஸ்டரை எடுத்து மலையைத் துடைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போவேன். மலை என்றால் எனக்கு மழையைத் தடுக்கிற ஒரு கோடு. என் வீட்டு மாடியில் நின்றால் நீலமாகத் தெரியும். வேலை பார்த்த காலத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. எதற்கு ஏற வேண்டும், படம்தான் இருக்கிறதே.

இப்போது மட்டும் எதற்காக வருடா வருடம் போகிறேன் என்று கேளுங்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு விருந்தாளி வருவார். வரச் சொன்னவள் நான். வரும்போது நான் அங்கே இல்லாவிட்டால் மரியாதை இல்லை அல்லவா?

யானை. ஆமாம், யானைதான். சிரியுங்கள், பரவாயில்லை. சிரித்து முடித்ததும் முழுக்கக் கேட்டு நியாயம் சொல்லுங்கள். நீங்கள் வெளியூர்க்காரர். எனக்கும் உறவில்லை, என் நங்கைக்கும் உறவில்லை. அதுதான் வசதி.

நங்கை என்றால் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் கொங்குப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பாவாத்தாள் என்று பெயர். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் ஒருவர் எப்போது என்ன சொன்னார், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார் என்பதெல்லாம் அவருக்கு அப்படியே நினைவிருக்கும். கோர்ட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்.

வழக்கு என் மகன் கல்யாணத்தில் தொடங்கியது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கல்யாணத்துக்கு வருகிற ஒவ்வொருவரையும் வீட்டுக்காரர்கள் முகம் பார்த்து ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். சாம்பாரில் உப்பில்லை என்றால் மன்னித்துவிடுவார்கள். இலை கிழிந்திருந்தால் மன்னித்துவிடுவார்கள். ‘வாங்க’ கேட்கவில்லை என்றால் பேரன் பேத்தி காலம் வரைக்கும் பேச்சு ஓடும். ‘நாங்க போனமுங்க, வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கலீங்க’ என்று சொல்லிச் சொல்லியே பிரிந்துபோன குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு.

அன்று காலை மேடைக்குப் பூ வரவில்லை. நான் மண்டபத்து வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கார் வந்து நின்றது. பூதான் என்று ஓடினேன். கையில் சீர்த்தட்டோடு நங்கை இறங்கினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பூ வந்துருச்சுங்களா?” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தேன்.

ஆனால் தலையை ஆட்டினேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்தத் தலையாட்டலில் ஒரு ‘வாங்க’ இருந்தது. பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்கிறேன். சொந்த நங்கையைப் போய் யாராவது ‘வாங்க’ என்று நிற்கவைத்துக் கேட்பார்களா? அதெல்லாம் வெளி மனிதருக்கு. கேட்டிருந்தால், ‘என்ன அசலாளாட்ட நெனச்சுட்டா’ என்று அதற்கு ஒரு வழக்கு வந்திருக்கும். கேட்டாலும் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றம். நான் கேட்காத குற்றத்தைத் தேர்ந்தெடுத்தேன், நேரம் இல்லாததால்.

அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து தாலி கட்டுவதைப் பார்த்தார். பந்தியில் மோர் வரைக்கும் சாப்பிட்டார். கோபத்தில் இலையை விட்டு எழுகிற ரகம் இல்லை. கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று மட்டும் சொல்லவில்லை. அதற்கப்புறம் என் வீட்டு வாசற்படி ஏறவில்லை.

இல்லை, ஏறினார். ஒரே ஒரு தடவை. என் வீட்டுக்காரர் தவறிய அன்று. உடன்பிறந்த தம்பி ஆயிற்றே. ஆனால் இழவு வீட்டில் யாரும் யாரையும் ‘வாங்க’ என்று கேட்கக் கூடாது. கிளம்புகிறவர் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவும் கூடாது. சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போக வேண்டும். அவர் வந்தார். என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். என் தோளில் கை வைத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் எழுந்து போனார். அன்றைக்கு எனக்கு அந்தச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. கேட்கக் கூடாத ஒரே நாளில்தான் அது வந்து நின்றது. பெரியவர்கள் எப்படி விதி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

பதினொன்றாவது வளைவு. எண்ணவில்லை, போர்டு கண்ணில் பட்டது. மூடின கண்ணில் எப்படிப் பட்டது என்று கேட்காதீர்கள். எலுமிச்சம்பழம் இருக்கட்டும், அப்புறம் தருகிறேன்.

நங்கையின் மகன் திருமூர்த்தி மேலே கல்லூத்து எஸ்டேட்டில் வேலை பார்க்கிறான். தாய் அவனோடு இருக்கிறார். ஒரு வருடம் அவன் போன் செய்தான். அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கிறது, சொட்டு மருந்து விட ஆள் வேண்டும், நானும் என் சம்சாரமும் அவள் தங்கை கல்யாணத்துக்குப் போயே ஆக வேண்டும், அத்தை, நீங்க ஒரு வாரம் வந்து இருங்க என்றான். என்னைத்தானா கேட்க வேண்டும்? வேறு உறவே இல்லையா? கேட்டேன். “அம்மாதான் உங்களக் கேக்கச் சொன்னாங்க” என்றான். ஏன் தெரியுமா? மற்ற எல்லோரோடும் அவருக்கு இன்னும் பெரிய வழக்கு இருந்திருக்கும். அதுதான் காரணம்.

போனேன். எஸ்டேட் வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? முன்னால் தேயிலை, வெட்டிவிட்ட தலைமுடி மாதிரி ஒழுங்காக. பின்னால் கொஞ்ச தூரம் போனால் ஒழுங்கு முடிந்துவிடும். அங்கே ஒரு சரிவு. நான் சும்மா எட்டிப் பார்த்தேன். அடியில் ஆறு ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஆறு தெரியவில்லை. ஒரு மரத்தின் உச்சி என் காலுக்குக் கீழே இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு மரத்தின் உச்சி. அதற்கும் கீழே கறுப்பு. அந்தக் கறுப்பிலிருந்து குளிர்ந்த காற்று மேலே வருகிறது, யாரோ மூச்சு விடுகிற மாதிரி. நான் பலகையில் மலை வரைந்தபோது இதெல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருந்திருக்கிறது. இதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு வருகைப் பதிவு எடுத்திருக்கிறேன். டஸ்டரால் துடைத்திருக்கிறேன். இது ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறது.

பின்வாங்கி வந்துவிட்டேன். செருப்பு வழுக்கியது, அதனால்.

வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நேராகப் பேசவில்லை என்று சொல்ல வேண்டும். அவர் சுவரிடம் பேசுவார். நான் அடுப்பிடம் பேசுவேன். ‘ரசத்துல இன்னியும் ரெண்டு மொளகு தட்டிப் போட்டா ஆகாதா’ என்று சுவரைக் கேட்பார். ‘மலைக் குளிருக்கு மிளகு ஏறினா நெஞ்சு எரியும்’ என்று நான் அடுப்புக்குச் சொல்வேன். மருந்து விடுகிற நேரம்தான் கஷ்டம். கண்ணைத் திறங்கள் என்று சொல்ல முடியாது. அவர் மூக்கு நுனியை விரலால் தொடுவேன், திறப்பார். நாலு விரல் தூரத்தில் இரண்டு கிழவிகளின் முகம். மருந்து வழிந்தால் என் சேலைத் தலைப்பால் துடைப்பேன். உடனே மூடிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். அந்தக் கண்ணாடியில் அவரைப் பார்த்தால் போலீஸ்காரர் மாதிரி இருக்கும்.

ஒரு நாள் காபி நேரம். கொடியில் கிடந்த துணியை எடுக்க முன்பக்கத்து வராந்தாவுக்கு வந்தேன். மூடுபனி வாசற்படி வரை வந்திருந்தது. தேயிலை இல்லை, வேலி இல்லை, கொய்யா மரத்தில் பாதி இல்லை. மூடுபனிதானே, காற்றிலிருக்கும் நீராவி குளிர்ந்து சிறு துளிகளாகி... நடத்தின பாடம்தான். பாடத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூடுபனிக்குக் கண் இருந்தது.

ஒரு கண். சின்னது. இருக்கக் கூடாத உயரத்தில் இருந்தது. அதைச் சுற்றி நனைந்து மடிந்த தோல். கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு ஒரு நெற்றி வந்தது. ஒரு கொம்பு வந்தது. இன்னொரு பக்கத்துக் கொம்பு ஒடிந்து மொட்டையாக இருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்தது என்று சொல்ல மாட்டேன். நான் இருந்த இடத்தைப் பார்த்தது. அங்கே தூண் இருந்தது, துணி இருந்தது, நான் இருந்தேன். அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

பயம் வந்தால் நடுங்கும், கத்துவோம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ரொம்ப அமைதியாக இருந்தது. என் பெயர் போயிற்று. பள்ளிக்கூடம் போயிற்று. மூட்டுவலி போயிற்று. கனடாவில் இருக்கிற மகன், ஆள் இல்லாத வீடு, சாயங்காலமானால் இரண்டு விளக்குப் போடலாமா ஒன்று போதுமா என்கிற யோசனை, எதுவுமே இல்லை. ஈரத்துணியால் துடைத்த பலகை மாதிரி நின்றேன். அது நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்தது என்று சொல்கிறேன்.

அப்போதுதான் சமயோசிதமாக ஒரு காரியம் செய்தேன். யானையைக் கண்டால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். நன்றாக யோசித்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, “வாங்க” என்றேன். “வாங்க வாங்க. உள்ள வாங்க.”

உள்ளே சுவரிடம் ஒரு குரல் கேட்டது. “ஆரு வந்துருக்கறது?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை என்று அவர் சொல்வார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நங்கை கறுப்புக் கண்ணாடியோடு சுவரைத் தடவிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டார். ஒரு கண்ணில் மூடி, இன்னொரு கண்ணில் மருந்து. முன்னால் நிற்பது என்னவென்று தெரியாது. மூச்சு மட்டும் கேட்கிறது, துருத்தி ஊதுகிற மாதிரி.

“மேடேறி வந்தீங்களாட்ட இருக்குது” என்றார். “பாவம், மூச்சு எரைக்குது. உக்காருங்க. காப்பி குடிச்சுட்டுப் போலாம்.”

யானையிடம் சொல்கிறார்.

அது காதை ஒரு தடவை அசைத்தது. அந்தக் காற்று எங்கள் இரண்டு பேர் மேலும் பட்டது. அதில் ஒரு வாடை இருந்தது. சேறு, நசுங்கின இலை, பழைய மழை, எல்லாம் சேர்ந்த வாடை. நங்கையின் மூக்கு விரிந்தது. சொல்லிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. கை என்னைத் தேடியது. நான் பிடித்துக்கொண்டேன். பயந்துபோயிருந்தார், நான் தாங்கிக்கொண்டேன். அவர் சொல்கிற கதை வேறு. தாங்கினது அவர்தானாம், அவர் மணிக்கட்டில் என் நகக்குறி ஊருக்குத் திரும்பும் வரை மறையவில்லையாம். நகம் வெட்ட நேரமில்லாமல் இருந்தது, அதற்கு நான் என்ன செய்வேன்?

விருந்தாளி கொய்யா மரத்தில் ஒரு கிளையை ஒடித்தார். சத்தம் துப்பாக்கி மாதிரி இருந்தது. நின்ற இடத்திலேயே தின்றார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம், பந்தி விசாரிக்கிறவர்கள் மாதிரி. தின்று முடித்துத் திரும்பினார். அப்போதுதான் எனக்கு அளவு தெரிந்தது. முகம் போயிற்று, காது போயிற்று, வயிறு போய்க்கொண்டே இருந்தது. ஒரு மலைத்தொடர் முடிகிற மாதிரி மெதுவாக முடிந்தது. கடைசியில் ஒரு சின்ன வால்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், “போயிட்டு வாங்க” என்றோம்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. முதலில் சொன்ன ‘வாங்க’வும் அப்படித்தானே என்று பார்க்கிறீர்களா? அது வேறு. அது யோசித்துச் சொன்னது.

மூடுபனி மறுபடியும் வெறும் மூடுபனி ஆனது. நங்கை என் கையை விட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு சுவரிடம் இல்லாமல் என்னிடமே திரும்பிச் சொன்னார்:

“ஆனையக்கூட வாங்கன்னு கேட்டுட்ட. என்னத்தான் கேக்கல.”

எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் என்னிடம் பேசின முதல் பேச்சு இது. பாருங்கள். உயிர் தப்பி நிற்கிறோம். அந்த நேரத்தில் பழைய வழக்கை எடுக்கிறார். இதற்குத்தான் உங்களிடம் நியாயம் கேட்கிறேன்.

இருபதா? கடந்துவிட்டோமா? ஏன் திரும்பும்போது இந்த பஸ் மூக்கை வெளியே நீட்டி யோசிக்கிறது? இல்லை, நான் பார்க்கவில்லை. வயிற்றில் தெரிகிறது.

திருமூர்த்தி வந்ததும் திட்டினான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டாமா என்றான். அது வருடா வருடம் இந்த மாதம் இந்த வழியாகப் போகிற ஒற்றை யானை, நேற்று இன்று வந்ததல்ல என்றான். அவ்வளவுதான், நங்கைக்குப் பிடி கிடைத்துவிட்டது. நான் பெட்டியைக் கட்டும்போது வந்து நின்று, “போயிட்டு வாங்கன்னு சொல்லியிருக்குது. அடுத்த வருசம் அது வர்றப்ப, கேட்டவ இங்க இருக்கோணும். நான் ஒருத்தியே பதில் சொல்ல முடியாது” என்றார். அதிகாரத்தைப் பாருங்கள். வாருங்கள் என்று அழைத்தாரா? இல்லை. வந்து நில் என்று உத்தரவு.

சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த வருடம் போனேன். அதற்கடுத்த வருடமும் போனேன். ஒரு தடவை தூரத்தில், எதிர்ச் சரிவில், கறுப்பாக ஒரு பாறை நகர்ந்தது. ஒற்றைக் கொம்பு தெரிந்தது. நங்கைக்கு இப்போது கண் நன்றாகத் தெரியும், அவர்தான் முதலில் காட்டினார். அன்றைக்கு நாங்கள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்து ஜன்னல் வழியாகக் கைகூப்பினோம். ஒரு வருடம் விருந்தாளி வரவே இல்லை. அந்த வருடம் நாங்கள் இரண்டு பேரும் பலகாரம் சுட்டுச் சுட்டுத் தின்றோம்.

எனக்கு அங்கே வேறு ஒரு சௌகரியமும் இல்லை. எனக்கென்று ஜன்னல் இல்லாத சுவர் ஓரமாக நங்கை படுக்கை போட்டு வைத்திருப்பார். தலைமாட்டில் இரண்டு கம்பளி. அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை உறை, அவரே தைத்தது. நான் சமவெளிக்காரி, பயந்தாங்கொள்ளி என்று மருமகள் முன்னால் காட்டுவதற்காக இதெல்லாம். பஸ் ஸ்டாப்பில் குடையோடு நிற்பார். என்னை அழைத்துப்போக இல்லையாம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். நான் வருகிற நாளில் மட்டும் டாக்டர் அவ்வளவு தூரம் நடக்கச் சொல்கிறார். இறங்கியதும், “வா அம்மிணி” என்று நிறுத்தி, முகம் பார்த்துச் சொல்வார். எனக்குக் குத்திக்காட்டுவதற்காகத்தான்.

இந்த வருடம்தான் கடைசி. திருமூர்த்திக்கு மைசூருக்கு அந்தப் பக்கம் வேறு எஸ்டேட்டில் வேலை கிடைத்திருக்கிறது. இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தக் குளிரும் அந்த ஊர்ப் பேச்சும் எனக்கு ஆகாது என்று நங்கை சொல்லிவிட்டாராம். எங்கே இருப்பார்? என் வீட்டில் இரண்டு அறை பூட்டிக் கிடக்கிறது. அவருடைய தம்பி வீடு. அவர் பிறந்த வீட்டுக் கட்டில் அங்கேதான் கிடக்கிறது. மாடியில் நின்றால் இந்த மலை தெரியும். நான் ஒன்றும் கூப்பிடவில்லை. வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்று திருமூர்த்தியிடம் சொன்னேன், அதுவே அதிகம்.

அதற்கு என்ன பதில் வந்தது தெரியுமா? “வாங்கன்னு கேட்டா வாரேன்னு சொல்லு.” சரி, போனில் கேட்கட்டுமா என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். போனில் கேட்டால் செல்லாதாம். முகம் பார்த்துக் கேட்க வேண்டுமாம். அவர் வீட்டுக்கு நான் போகும்போது நான் எப்படி ‘வாங்க’ கேட்பது? அது அவர் வாசல். என் வாசலில்தான் நான் கேட்க முடியும். என் வாசலுக்கு அவர் வர வேண்டும் என்றால் நான் கேட்க வேண்டும். இந்தக் கணக்கை யார் அவிழ்ப்பது? நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், சொல்லுங்கள். கல்யாண மண்டபத்தில் தலையாட்டினேன். அதுவே போதும். அதற்கு மேல் நான் இறங்கிவர மாட்டேன். இறங்கி வந்தால் இத்தனை வருடம் இறங்காமல் இருந்ததற்கு என்ன அர்த்தம்?

ஏன் நிறுத்திவிட்டார்? இது ஸ்டாப் இல்லையே. கல்லூத்து ஸ்டாப் அந்தத் திருப்பத்தில் அல்லவா இருக்கிறது. எஞ்சினையும் அணைத்துவிட்டார். என்ன, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்?

நான் பார்க்க மாட்டேன். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

எங்கே? ரோட்டிலா? தேயிலைக்குள்ளா? தனியாகவா? கொம்பு? ஒரு பக்கம்தானா?

அவர்தான். வந்துவிட்டார். இந்த வருடம் முன்னாடியே கிளம்பிவிட்டார். சத்தம் போடாதீர்கள். பின்சீட்டுக்காரரை அந்தப் போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம்? ஸ்டாப்பின் கூரைக்குப் பின்னாலா? கூரைக்குப் பின்னால் என்றால் எவ்வளவு பின்னால்?

ஸ்டாப்பில் யாராவது நிற்கிறார்களா?

குடையா? என்ன நிறச் சேலை?

நகருங்கள். கொஞ்சம் நகருங்கள். பழம் உருண்டால் உருளட்டும்.

கண்டக்டர் தம்பி, கதவத் திறங்க. எனக்குத் தெரியும், இறங்கக் கூடாதுன்னு தெரியும், நான் இறங்கல. நீங்க கதவ மட்டும் திறங்க. அவங்களுக்குப் பின்னால என்ன நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியல. பஸ்ஸயே பாத்துட்டு நிக்கறாங்க. சத்தமாக் கூப்பிடாம எப்படிங்க வருவாங்க?

நங்கை. வாங்க. திரும்பிப் பாக்காம வாங்க. வாங்க நங்கை, உள்ள வாங்க.

கையக் குடுங்க. குடை அங்கயே கெடக்கட்டும். படி உயரம். அவ்வளவுதான். வந்துட்டீங்க.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், மூன்று பேர் இருக்கலாம். இவர்தான். மூச்சு வாங்கட்டும், பேச விட வேண்டாம். என் கையைப் பார்க்காதீர்கள், பஸ் ஆடுவதால் அவர் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறேன். பஸ் நிற்கிறது, ஆமாம். முன்னால் ஆடினது.

என்ன, உங்களிடம் கேட்கிறாரா? “நீங்க கேட்டீங்கல்லங்க, என்ன சொன்னா?” என்று. பதில் சொல்லாதீர்கள். நங்கை, அது பயத்துல வந்த வார்த்தை. அதையெல்லாம் வழக்குல சேக்கக் கூடாது. இது என் வீட்டு வாசலும் இல்ல. கவர்ன்மென்ட் பஸ்ஸு.

“ஆனையவும் பயத்துலதான கேட்ட” என்கிறார். “அது வரலயா?”

இதற்கு நான் என்ன சொல்வது? நீங்கள் சொல்லுங்கள். சிரிக்கிறீர்கள். நியாயம் சொல்ல உட்காரவைத்தால் சிரிக்கிறீர்கள்.

கொஞ்சம் குனியுங்கள். நான் பார்க்க வேண்டும்.

எத்தனை பெரியது. ஒவ்வொரு தடவையும் மறந்துபோகிறது. மனசில் வைத்துக்கொள்ள முடியாத அளவு. குடையைத் தும்பிக்கையால் புரட்டிப் பார்க்கிறது, பாருங்கள் நங்கை, உங்கள் குடை. வேண்டாம் என்று வைத்துவிட்டது. காலை எடுத்து வைக்கிற இடத்தில் ஒரு சத்தம் இல்லை. இந்தப் பக்கம் பார்க்கிறது. நம் எல்லோரையும் சேர்த்து, பஸ்ஸையும் சேர்த்து, ஒரே பார்வை. எனக்கு மறுபடியும் பெயர் போகிறது. என் கையை விட்டுவிடாதீர்கள்.

திரும்புகிறது. சோலைக்குள் போகிறது. நங்கை, யார் சொல்றது? ‘போயிட்டு வாங்க’ன்னு சொல்லலாமா? சொன்னா அடுத்த வருசம் வருவாரு. வீடு காலியா இருக்கும். நீங்களும் இல்ல, நானும் இல்ல. வரச் சொல்லிட்டு வீட்டுல இல்லாமப் போறது மரியாதையா?

என்ன சொல்கிறார் கேட்டீர்களா?

“உடுமலைக்கு வரச் சொல்லு அம்மிணி. அங்க ரெண்டு பேரும்தான இருப்பம்.”